அடியில் வைத்த புத்தகங்கள்

மன்றத்திற்கு மாண்பு சேர்க்கும் தலைமையாசிரியை ஜெயக்கொடி அம்மையார் அவர்களே! பாடத்தோடு பண்பையும் ஊட்டும் ஆசிரியப் பெருமக்களே! பழங்காநத்தத்துப் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவருக்கும் கனகலட்சுமியின் பணிவான வணக்கம்.

பார்வை உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து படிக்க, இந்தக் கற்றல் அறையை இன்று திறக்கிறோம். பேசும் கணினி வந்திருக்கிறது. தொட்டுப் படிக்கும் வரைபடம் வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் பெற்றோர் குழுவில் இருக்கும் நான், முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருடம் சரஸ்வதி பூஜை. அலங்காரம் என் பொறுப்பு. ஏழாம் வகுப்பு ஷிபாவுக்குப் பார்வை கிடையாது. புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புத்தகங்கள் மூன்று அவளுக்கு வந்திருந்தன. பலகை போல அகலம். பீடத்துக்கு இதைவிடத் தோதாக எது கிடைக்கும் என்று அவற்றை அடியில் வைத்தேன். மேலே நாற்பத்தாறு புத்தகம். அதற்கும் மேலே குத்துவிளக்கு. நான்கு நாள்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நீங்களும்தான் அன்று விழுந்து கும்பிட்டீர்கள்.

ஐந்தாம் நாள் ஷிபா பக்கத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"பெரியம்மா, வெறுந்தாளா இருக்கு."

புள்ளிகள் அமுங்கிப் போயிருந்தன. நசுக்கியது யார்? பகையா? பொறாமையா? என் பக்தி, ஐயா, என் பக்தி!

அன்று சாயங்காலமே அவள் தாய் மெஹருன்னிசா வந்தார். "அக்கா, உங்க மேல வருத்தமில்ல. ஆனா இந்தப் பள்ளிக்கூடம் எம்புள்ளைக்கு ஆகாது. அரையாண்டுப் பரீட்சையோட நிப்பாட்டிர்றேன்."

புதுப் புத்தகம் வர மாதக்கணக்காகும் என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்று, பிறகு தானாகப் படித்தவள் நான். பாடங்களைப் போனில் வாசித்துப் பதிந்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஷிபா கேட்டாள்: "பெரியம்மா, ஒளிச்சேர்க்கை பாடத்துல குக்கர் மூணு விசில் அடிக்குதே, அதையும் பரீட்சையில எழுதணுமா?"

கணக்குப் பாடமோ காதுக்கு அடங்கவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து, பிரெயில் குத்தூசியைக் கையில் பிடித்தேன். தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் எழுத்து புடைத்து நிற்கும். ஐம்பத்திரண்டு நாள், ஐம்பத்திரண்டு பக்கம். தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஷிபா வந்தாள். "பெரியம்மா, பதினேழாம் பக்கத்துல ஒரு கணக்கத் தப்பாக் குத்தியிருக்கீங்க!"

மெஹருன்னிசா வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்தார். "நிப்பாட்டல, அக்கா."

சபையோரே! கருவி வாங்கினால் போதுமா? கண்ணாடி அலமாரியில் பூட்டினால் போதுமா? குங்குமம் வைத்துக் கும்பிட்டால் போதுமா? கை படாத கருவி கல்வி தருமா? அந்தப் பேசும் கணினிக்கு இப்போதே பிளாஸ்டிக் உறை மாட்டியாயிற்று. தலைமையாசிரியை அம்மா மன்னிக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கிழிக்கப் போகிறேன்!

இந்த வருடமும் பூஜை வைத்தோம். ஷிபாவின் புத்தகம் அவள் மடியில் இருந்தது. பூஜையன்று படிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நான்தான், "படி தாயி" என்றேன். விளக்கு முன்னால் அவள் விரல் ஓடியது. என் கலைவாணியை அந்த விரல் நுனியில் கண்டேன்.

இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. அந்த விரல்களுக்கு வணக்கம்.