இருபத்து நாலாவது ஷரத்து

— இன்னும் பொடவையக் கூட மடிக்கலியா? ஜல்தி ரேணு, மீனம்பாக்கம் போவ கார் வாசல்ல நின்னுகினு கீது.

— நல்லா இருக்குதுங்க நீங்க பண்றது! எட்டு மாசப் புள்ளத்தாச்சிய ஆரணிலேர்ந்து ஹாங்காங்குக்குத் தொரத்துறீங்க. தலப்பிரசவம் தாய்வீட்லதான்னு புடிவாதமா வரவழச்சது யாரு?

— நான்தான் சாவித்திரி. இல்லன்னு சொன்னனா? மாப்ள அனுப்புன ஃபேக்ஸ் காலைலதான வந்துது? வர ஜூலை ஒண்ணாந்தேதி வெள்ளக்காரன் ஹாங்காங்க சீனாகாரன் கையில குடுத்துட்டுப் போறான்.

— போவட்டும். எம் பொண்ணுக்கு இன்னா வந்துது?

— அதுக்குன்னு அந்த ஊருக்குப் புதுசா சட்டம் எழுதி வச்சிருக்காங்க. இருபத்து நாலாவது ஷரத்து. மாப்ள மாதிரி சீனாகாரங்க இல்லாதவங்களோட புள்ள, அந்த மண்ணுல பொறந்தாத்தான் பொறப்பாலயே அந்த ஊர்க் குடி. ஆரணில பொறந்தா கெடையாது.

— அவங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்க கடை வச்சிருக்காங்களே!

— சட்டத்துக்கு உன் சம்பந்தி வீட்டுத் தாத்தாவத் தெரியுமா? நாளையோட எட்டு மாசம் முடியுது, அப்புறம் பிளேன்ல ஏத்த மாட்டான். நாளைக்குப் பேரன் வளந்து, ‘என் உரிமைய ஏன் தாத்தா கெடுத்த’ன்னு கேட்டா, ‘எங்க வழக்கம்டா’ன்னு சொல்லவா?

— வழில வலி கண்டா இன்னா பண்ணுவா? தனியா ஏத்தி அனுப்புறீங்களே, பாவி மனுஷா!

— டாக்டரம்மா லெட்டர் குடுத்துட்டாங்க. பேஜார் பண்ணாத. எழுந்திரு தாயி, இன்னா இப்படிக் குந்திகினு கீற?

— நான் போவலப்பா.

— அம்மா பேச்சக் கேக்காத. தப்பு என்னுது. உம் புள்ளைக்கு நானே துரோகம் பண்ணிட்டேன்னு காலைலேர்ந்து நெஞ்சு அடிச்சிக்கிது, ரேணு.

— நீ ஒண்ணும் பண்ணலப்பா.

— மாப்ள போன்ல அழுவுறாரும்மா!

— அழுவட்டும். அங்க என் விசா அவரு கையெழுத்துலதான் ஓடுது. அவரு வேணான்னுட்டா நான் கெளம்பணும். புள்ள அந்த ஊர்க் குடின்னா, அவங்க ஊட்லயே நிறுத்திக்குவாங்க.

— அய்ய, அவரு ஏண்டி அப்படிப் பண்ணப் போறாரு?

— ‘பெத்துக் குடுத்துட்டு ஆரணிக்கே போயிடு’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரும்மா. அடிச்சிட்டுச் சொன்னாரு.

— அடப்பாவி! எப்ப?

— தை மாசம்.

— இத்தினி நாளா வாயத் தெறக்கலியே ரேணு! அந்தச் சட்டத்த நம்பி, நானும் தெரியாம ஒன்ன பிளேன்ல ஏத்தியிருப்பேனே...

— சட்டம் எனக்கு அப்பவே தெரியும்பா. அங்க இருக்கற நம்மவங்க சங்கத்துல டைப் அடிக்கிறது நான்தான். அந்த ஷரத்த அடிச்சி முடிச்ச அன்னிக்குத்தான், தலப்பிரசவத்துக்கு என்னைய அனுப்பச் சொல்லி அவருக்கு எழுதுன்னு உனக்கு லெட்டர் போட்டேன்.