எட்டு சிலிண்டர்

சிங்கப்பூரில் செம்பவாங் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் தம்பி வீட்டுக் கொட்டகையில் கணவர் தன் கையாலேயே கட்டிவரும் பழங்காலக் காருக்கு எந்த எஞ்சின் போடுவது என்று பேச்சு.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே, எலக்ட்ரிக் மோட்டாரே போடுங்களேன்!" மனைவி சத்தமாகத்தான் சொன்னார்.

"கப்பல் பட்டறையில காது போச்சு, சரி. எட்டு சிலிண்டர்னா நெஞ்சுல அதிரும் லா. இந்த பஸ்ஸும் எலக்ட்ரிக்தான். தொட்டுப் பாரு, உயிரே இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"நான் பேசுறது நெஞ்சுல அதிர எத்தன சிலிண்டர் வேணும்?"

"என்ன சொன்னே?"

"எட்டே போடுங்கன்னேன்."