தண்ணி தெரியுற மாதிரி நில்லுங்க

இல்ல இல்ல, செல்ஃபியெல்லாம் வேணாம் தங்கச்சி. ஹேன்போன இப்படிக் குடுங்க, நான் எடுக்குறேன். கைய நீட்டி நீட்டி எடுத்தா உங்க மூஞ்சி மட்டுந்தான் பெரிசா விழும். லேக்குக்கு வந்துட்டு லேக்கே இல்லாம போட்டோ எதுக்கு? தம்பி, நீங்க பாப்பாவத் தோள்ல தூக்கிக்கங்க. கொஞ்சம் இந்தப் பக்கம். ம்ம்... தண்ணி தெரியணும் லா. ஆங், அப்படியே.

பயப்படாதீங்க, காசு கேக்க மாட்டேன். நான் கைடும் இல்ல. மேல தேயிலை தெரியுது பாருங்க, அந்த எஸ்டேட்டுதான். கொழுந்து எடுக்குற ஆளு. பேரு வசுமதி. இப்ப லீவு சொல்லியிருக்கேன். காலையில இங்க வந்துருவேன், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டோ எடுத்துக் குடுப்பேன்.

வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். பசியாறியாச்சா? பாதை லேசுதான். ஏத்தம் எறக்கம் ஒன்னும் கிடையாது, கரையோரமாவே போகும். கைப்புள்ளைய வண்டியில போட்டுத் தள்ளிக்கிட்டே சுத்தி வந்துடுறாங்க. மூங்கில் புதர்கிட்ட மட்டும் சகதி, ஓரமா கால் வைங்க. அப்புறம் ஸ்ட்ராபெரி வாங்கணும்னா ரோட்டுல வாங்காதீங்க, ஏமாத்திருவாங்க. பிரிஞ்சாங் பசார் மாலாம் போங்க, ராத்திரிச் சந்தை.

நில்லுங்க நில்லுங்க, இங்க ஒன்னு. இந்த வளைவுலதான் எதிர்க்கரை சுத்தமாத் தெரியும். தம்பி, கொஞ்சம் சிரிச்சா என்ன, கேஸ் போட்டுருவாங்களா? ஆங். இந்தாங்க போன். எங்க, காட்டுங்க. பெரிசு பண்ணுங்க. உங்க மூஞ்சி இல்ல தங்கச்சி, அது நல்லாத்தான் விழுந்திருக்கு. பின்னால. அந்தத் தண்ணிய. இன்னும் கொஞ்சம். அந்த ஓரத்துல பச்சையா மிதக்குதுல்ல, அதுக்குப் பக்கத்துல கறுப்பா... ஓ. மரக்கட்டை. சரி. மரக்கட்டைதான்.

உங்களுது நல்ல போன். என்னுது பழசு, பெரிசு பண்ணா எல்லாம் கஞ்சி மாதிரி ஆயிரும். அதான் வர்றவங்க போன்ல பாத்துக்கிறது.

என்ன தேடுறேனா? எங்க வீட்டுக்காரரத்தான்.

ஐயோ, அப்படி நின்னுடாதீங்க, நடங்க. பாப்பா முன்னால ஓடுது பாருங்க. தம்பி, புள்ளையப் புடிங்க, தண்ணிகிட்ட விடாதீங்க.

செல்லையான்னு பேரு. எஸ்டேட் வேலைய விட்டுட்டு இந்த லேக்குல போட் ஓட்டுனாரு. மழை பேஞ்சா மேலேருந்து போத்தல், பிளாஸ்டிக், மூங்கில், காய்கறித் தோட்டத்துக் குப்பை எல்லாம் அடிச்சுக்கிட்டு வரும்ல, அத வாருற வேலை. போன மாசம் ஒரு நாளு, அன்னிக்கும் மழை. போட் கவுந்துருச்சு. கூட இருந்த வங்காளதேசத்து ஆளு நீந்திக் கரையேறிட்டாரு. இவருக்கும் நீச்சல் தெரியும் லா, நல்லாவே தெரியும். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பொம்பாக்காரங்க, தீயணைப்பு ஆளுங்க, வந்தாங்க. தண்ணிக்குள்ள ஆள எறக்கி, கயிறு கட்டித் தேடுனாங்க. குத்தம் சொல்ல மாட்டேன். அடியில ஒரே சேறு, கண்ணே தெரியலையாம். அப்புறம் அவங்களும் கயித்தச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க போயிட்டாங்க, நான் எங்க போறது?

பெரிய சண்டைக்காரரு. கொழம்புல உப்பு கம்மியா இருந்தாத் தட்டத் தள்ளி வச்சிருவாரு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. காலையில ஆரம்பிச்சா படுக்குற வரைக்கும் ரெண்டு பேரும் ஓய மாட்டோம், பக்கத்து வீட்டுல ரேடியோவே வேணாம்பாங்க. இப்ப வீட்டுல பேச ஆளில்ல. அதான் உங்களப் போட்டு அறுக்குறேன்.

அழாதீங்க தங்கச்சி. நீங்க அழுதா எனக்கும் வந்துரும், வந்துட்டா நிக்காது.

நாளைக்கா? இல்ல, நாளைக்கு வர மாட்டேன். இன்னிக்கோட சரி. கொழுந்தன் லிங்கேஸ்வரன், கோயில் ஐயரப் பாத்துப் பேசிட்டாரு. ஆளு கெடைக்கலன்னா தர்ப்பைப் புல்லுல ஆளு மாதிரியே செஞ்சு, வேட்டி கட்டி, கொள்ளி வைக்கலாமாம். அப்பத்தான் அவருக்கு ஒரு வழி கெடைக்குமாம். நானும் எத்தன நாளைக்கு முடியாது முடியாதுன்னு நிக்கிறது? சரின்னுட்டேன். நாளைக்கு மத்தியானம். சாயங்காலம் தாலியையும் கழட்டிருவாங்க. சுவெட்டருக்குள்ளதான் போட்டிருக்கேன், பாக்குறவங்க ஏதாச்சும் கேப்பாங்கன்னு. என் கூடப் படுத்து, என் கூடச் சண்டை போட்ட மனுஷன் தங்கச்சி. அவருக்குப் பதிலா புல்லக் கட்டிப்புடிச்சு அழணுமாம்.

சரி, அந்தா, கார் நிறுத்துற எடம் வந்துருச்சு. பாத்தீங்களா, லேசான பாதைன்னு சொன்னேன்ல.

ஒரு ஒதவி. என் நம்பரப் போட்டுக்கங்க. ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து இந்தப் போட்டோவெல்லாம் பாப்பீங்கல்ல? அப்பப் பின்னால தண்ணியில நீலமா, அவரு அன்னிக்குப் போட்டிருந்த சட்டை மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. பாப்பாகிட்டக் காட்டாதீங்க. எந்நேரம்னாலும் எடுப்பேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கூப்பிட்டீங்கன்னா, புல்லத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துருவேன்.

அதுக்கப்புறம் தெரிஞ்சா போலீஸ்ல சொல்லுங்க. எனக்குக் கூப்பிடாதீங்க, தங்கச்சி.