கணக்கெடுக்க இருவர் வேண்டும்

ஒருவருக்கு மட்டும் டீ போட்டால் எனக்குச் சர்க்கரை கூடிப்போகும் ஐயா. இரண்டு பேருக்கு என்றால் அளவு தப்பாது. வருஷத்தில் பதினைந்து நாள்தான் அப்படிப் போடுவேன்.

மலையுச்சிக் காவல் குடிலில் பத்தொன்பது வருஷமாக நான் தனி ஆள். பேச்சுத்துணைக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி, அதுவும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாது. கோடையில் அந்தச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி பறக்கும் பதினைந்து நாளும் அதை ஆராய்ச்சி செய்கிறவர் வருவார். கீழே ஊரில் அவரைப் பூச்சியம்மா என்பார்கள். அந்தப் பூச்சிக்கு உலகத்தில் எங்கள் பாறைச் சரிவை விட்டால் வேறு வீடு இல்லை. கணக்கெடுக்க இருவர் வேண்டும் என்பது விதி. அவர் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருப்பதாகக் கேலி செய்வார். அந்தக் கேலியை வருஷம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருஷம் நாற்பது பூச்சி. ஆறாம் வருஷம் இருநூற்றைத் தாண்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தா போதும்ணா. பூச்சி பொழச்சிடுச்சுன்னு ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் நான் வந்து உங்க உயிரை வாங்க மாட்டேன்.”

நானும் சிரித்தேன். அவர் இறங்கிப் போனபின் அவருடைய கப்பை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பனி உருகியதும், வண்ணத்துப்பூச்சியாகும் முன்பே அதன் புழுக்களைப் பொறுக்கினேன். கல்லிடுக்கில் படரும் ஒரே ஒரு செடியைத்தான் அவை தின்னும், அதனால் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் உள்ளே போட்டேன். வலி தெரிந்திருக்காது. கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நூற்றுப்பத்து மட்டும் எடுத்தேன். தோட்டக்காரர் களை எடுப்பதை யாரும் குற்றம் என்பதில்லை.

ஆலங்கட்டி மழை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மிச்சத்தை அது கொண்டுபோயிற்று. பதினைந்து நாளும் நடந்தோம். தாளில் ஒன்றுகூட எழுதவில்லை. கடைசி நாள் அவர் பாறையில் உட்கார்ந்து அழுதார். என் துண்டைக் கொடுத்தேன். அதற்கு முன் அவர் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. சொல்லக் கூடாதுதான், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

குடிலுக்குத் திரும்பியதும் சர்க்கரை தேடியவர் வேறு டப்பாவைத் திறந்துவிட்டார். தூக்கிப்போட மனம் வராமல் புழுக்களைக் காயவைத்து அதில் வைத்திருந்தேன்.

“என்னண்ணா இது?”

சொன்னேன். அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கப்பை அப்படியே வைத்துவிட்டு மலை இறங்கினார்.

புகார் கொடுத்தது அவர்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், தங்கச்சி கோபம்தானே. ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது ஐயா. பூச்சி அழிந்துவிட்டது என்று எழுத வேண்டுமானால், பத்து வருஷம் விடாமல் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கும் இருவர் வேண்டும். அடுத்த கோடைக்குள் என்னைக் குடிலுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு கப்பையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.