தபால் நிலையத்துப் பித்தளை டம்ளர்

பெயரும் முகவரியும் தனித்தாளில் பதிவாகியுள்ளன. வயது முப்பத்தொன்று. தொழில், கிராமத் தபால் நிலையப் பொறுப்பாளர். விசாரணை அதிகாரி கேட்க நான் சொல்வதாவது:

மேற்படி தபால் நிலையம் ஒரு வீட்டின் முன்னறையில் நடந்து வருகிறது. அதை முதலில் நடத்தியவர் அந்த வீட்டுக்காரர். அவருக்குப் பிறகு அவருடைய மகனும், மகன் காலமான பிறகு மருமகளும் நடத்தினார்கள். மருமகளை ஊரே தபால் அக்கா என்று கூப்பிடும். அவர் ஓய்வு பெற்றதால் சென்ற மாதம் நான் வெளியூரிலிருந்து வந்து பொறுப்பேற்றேன். சாவி, முத்திரை, என்னைவிட மூத்த தராசு எல்லாவற்றையும் காட்டி ஒப்படைத்தார். மூலையில் ஒரு மண்பானையும் பித்தளை டம்ளரும் இருந்தன. அவற்றைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்பவத்தன்று உச்சி வெயிலில், இந்த விசாரணைக்குக் காரணமான, இறந்துபோன தையற்கார அம்மா, கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். அவருடைய மகன்கள் இருவரும் தூரத்தில் வேலை பார்க்கிறார்கள். படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. பார்க்கப் பாவமாக இருந்ததால் உட்காரச் சொல்லிவிட்டு, அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். அவர் வாங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு, “யாரு? பெரியவனா, சின்னவனா?” என்று கேட்டார். பெரிய மகனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, “பெரியவர்தாம்மா” என்றேன்.

அவர் அப்படியே பின்னால் சாய்ந்து படியில் விழுந்ததில் தலையில் அடிபட்டது. அதன் பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, என் மடியிலேயே, உயிர் போய்விட்டது.

அதன் பிறகு தபால் அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சாவுச் செய்தி வந்தால் அந்த வீட்டார் அதை வாய்திறந்து சொல்வதில்லையாம். ஆளை உட்காரவைத்து, அந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகுதான் தாளை நீட்டுவார்களாம். மற்ற நாளில் அங்கே யாருக்கும் தண்ணீர் கொடுத்ததில்லையாம். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். “ஊர்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமேம்மா. சொல்லணும்னே தோணல” என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நான் வேண்டுமென்றே விளையாடிக் கொன்றதாக இறந்தவரின் தம்பி புகார் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்பதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அந்த டம்ளரில்தான் நானே தினமும் தண்ணீர் குடித்து வந்தேன். தபால் பை கொண்டுவரும் டிரைவரைக் கேட்டால் சொல்வார்.

பெரிய மகன் வேலை பார்ப்பது போன் எட்டாத ஒரு சுரங்கத்தில். அவருக்கு இன்னும் தகவல் போகவில்லை. அவருடைய கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. பெறுபவர் இறந்துவிட்டார் என்று அதன்மேல் எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும் என்பது விதி. என் கையால் அதை எழுத முடியவில்லை. அங்கே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர், முதலில் அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுப்பாரா என்று எனக்குத் தெரியாது.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(கையொப்பம்)
பொறுப்பாளர், கிராமத் தபால் நிலையம்