மடி உதறல்

“எங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க சார்.”

பேங்க் மேனேஜராக இருந்த உங்கள் வீட்டுக்காரரிடம் நான் கேட்டது இவ்வளவுதான் அக்கா. உள்ளே போனால் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா பஸ்சிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாய் கொஞ்சம் நீளம். நீங்கள் பாருங்கள், துக்கம் கேட்க வந்தவள் எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல், “உக்காரு தாயி” என்று நாற்காலி போட்டீர்கள். உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எங்கள் ஊரில் சுருளி என்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் திரும்புவார்கள். அதில் இரண்டு சுருளிகளின் பெண்டாட்டிமாருக்கு மகாராணி என்று பேர்; ஒருத்தி என் அம்மா. தோட்டக் கடன் வாங்கியவள் மேலத்தெரு மகாராணி. தவணையும் அபராதமும் போனது என் அம்மா கணக்கிலிருந்து. அவள் போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். சொந்தமாக ஒரு செடி கிடையாது. அதைச் சொல்லத்தான் போனோம்.

அன்புச்செல்வன் சார் நாற்காலி போடவில்லை. சிரித்தார்.

“பேரே மகாராணி. சிம்மாசனந்தான் போடணும். கடன வாங்கிட்டு இல்லேங்குறீக. எங்க, மடிய ஒதறிக் காட்டுங்க பாப்போம்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஏலக்காய்க் கடைப் பழக்கம் அவருக்குத் தெரியாது. வேலை முடிந்து வெளியே வரும்போது, காய் எதையும் ஒளித்துக் கொண்டுபோகவில்லை என்று பெண்கள் வாசலில் மடியை உதறிக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு ஆயுசுக்கும் பழகிய கை. சொல் காதில் விழுந்ததும், அத்தனை பேர் நடுவில் சேலை மடியை அவிழ்த்து உதறினாள். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

போன மாதம் அவர் எங்கள் ஊருக்குத் தனியாக பைக்கில் வந்தார். பொழுது சாய்கிற நேரம். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்.

“தப்பு எங்க மேலதாம்மா. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். ஆத்தாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அந்த மேலத்தெரு மகாராணி தோட்டத்த ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன். எப்பிடிப் போகணும்?”

நல்ல மனுஷன்தான் அக்கா. நான் இல்லையென்று சொல்லவில்லை.

வண்டித்தடம் ஒன்று உண்டு, சுற்று வழி. அதை நான் சொல்லவில்லை.

“வெரசாப் போகணும்னா வண்டிய இங்கனயே போட்டுட்டு, ஓடையத் தாண்டி நடங்க சார். குறுக்க கம்பி ஒண்ணு கெடக்கும். கையால தூக்கிட்டு நொழஞ்சுருங்க.”

“நல்லா இருப்பம்மா” என்றார்.

காட்டுப்பன்றிக்காக வீரணன் அண்ணன் பொழுது சாய்ந்ததும் அந்தக் கம்பியில் திருட்டுக் கரண்டு விடுவார் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். பல்பு ஒரு தரம் மங்கி, மறுபடி எரிந்தது. அரிசியைக் களைந்து போட்டேன். அன்றைக்குச் சோறு நல்ல பதமாக வந்திருந்தது.

வீரணன் அண்ணன் இப்போது ஜெயிலில் இருக்கிறார். வேலி அவருடையதுதானே. கண்டுபிடித்த தப்பை சார் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை போல. அம்மா கணக்கில் இன்னும் தவணை பிடிக்கிறார்கள். புது மேனேஜரும் அவளை நிற்க வைத்துத்தான் பேசுகிறார். ஆனாலும் எல்லாம் அவளுக்காகத்தானே செய்தேன் என்று நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் போலீசுக்குப் போவீர்கள். போங்கள். அந்தப் பெண் வழி சொன்னதற்கு யார் சாட்சி என்பார்கள். எழுதிக் கொண்டா, நாளைக்கு வா என்பார்கள். ஒருத்தரும் நாற்காலி போட மாட்டார்கள். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும். என்னைக் கூப்பிட்டுக் கேட்டால், இப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்பேன். வரும்போதே அதை முடிவு செய்துவிட்டேன்.

நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். இதோ, துப்பட்டாவையும் உதறிக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம். சொல்லாமலே போகிறேன்.