பின்சுவர் வழியே போன எல்லைக்கோடு

நகரமன்றத் தேர்தல் பிரிவின் நடுநாயகமே! வளையாத கோட்டுக்கும் வளையாத வாக்குக்கும் சொந்தக்காரரே! ஊருக்கு வரைபட அலுவலராய், எங்களுக்கு ‘ஸ்கேல் அக்கா’வாய் அமர்ந்திருந்த அன்பின் உருவே! பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி, வாழ்த்தி, கொஞ்சம் வம்புக்கும் இழுத்து, தங்கள் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல் இது.

நேருக்கு நேர் புகழ்ந்தால் அக்கா “எனக்கு வேலை இருக்கு” என்று எழுந்து போய்விடுவார். ஆகவே வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொல்கிறோம். அவர் காதில் விழாததுபோல உட்கார்ந்திருக்கட்டும்.

முன்பெல்லாம் நகரமன்ற உறுப்பினர் அத்தனை பேரையும் ஊரே சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. வென்றவர்களோ பூங்காவைச் சுற்றியே குடியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் இருந்தவர்கள், குழாய் உடைந்தால் யாரிடம் போவதென்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு, வார்டுக்கு ஒருவர், அவரை அந்த வார்டுக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. ஊரை வார்டுகளாகப் பிரிக்கும் வேலை அக்காவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம். எல்லைக்கோடு தெரு நடுவே போகக் கூடாது. வீடுகளின் பின்சுவர் வழியேதான் போக வேண்டும். “எதிரெதிர் வீட்டுக்காரங்களுக்கு ஒரே சாக்கடை, ஒரே விளக்கு. அவங்களப் பிரிச்சா ஆளுக்கொரு மெம்பர்கிட்ட ஓடுவாங்க, ஒரு வேலையும் நடக்காது” என்பார். வரைபடத்தை மட்டும் நம்பாமல் வெயிலில் சந்து சந்தாக நடந்து, சுவர்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டார். குடை பிடித்துப் பின்னால் போன எங்களுக்குத்தான் கால் கடுத்தது.

அப்படி நடந்து வந்த கோடு, அக்காவின் வீட்டுக் கொல்லைச் சுவரிலேயே வந்து நின்றது! சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா வீடு. அந்தப் பக்கம் கூடப்பிறந்த அண்ணன் வீடு. நடுவே போகவர ஒரு சின்னக் கதவு. அண்ணனோ நெடுங்கால நகரமன்ற உறுப்பினர். கோடு அந்தச் சுவரில் போனால் தங்கை வீட்டு ஓட்டும், அவள் தெருவிலிருந்த சொந்தபந்த ஓட்டும் அடுத்த வார்டுக்குப் போய்விடும். “இது என் அண்ணன் வீடு, வேற யாராவது பாருங்க” என்று அக்கா மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். வேறொருவர் போய்ப் பார்த்தபோதும் சுவர் அங்கேதான் இருந்தது.

அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “ஏம்மா, ஒரே ஒரு தெரு தள்ளிப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?”

“தள்ளலாம்ண்ணே. அப்புறம் ஊர்ல இருக்கிற ஒவ்வொரு அண்ணனுக்கும் தள்ளணும்.”

“எனக்கு விழற முதல் ஓட்டே உன்னோடதும்மா. அதையே வெட்டிட்டியே.”

அக்கா போட்ட கோட்டை மாற்றவில்லை. அண்ணன் தோற்றார். கொல்லைக் கதவில் பூட்டு விழுந்தது. அந்நாட்களில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார். கூட இருந்த எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

இந்த விழாவுக்கு அழைக்க, தயங்கித் தயங்கித்தான் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவரோ எங்களைத் தெருவுக்குக் கூட்டி வந்து விளக்குக் கம்பத்தைக் காட்டினார். “நான் மெம்பரா இருந்த காலமெல்லாம் இது எரியல. இன்னொரு மெம்பர் பார்ப்பாருன்னு நான், நான் பார்ப்பேன்னு அவர். இப்ப தெருவே சேர்ந்து ஒரு அம்மாகிட்ட போய் நின்னுச்சு. மறுநாளே எரியுது. என்னைத் தோக்கடிச்ச அம்மாதான்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் தங்கச்சி நடந்து பார்த்துத்தான் போட்டிருக்கா” என்றார்.

இனி நேரிலேயே பேசுகிறோம், அக்கா. இன்று காலை தாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு, ஒரு வேலையை முடித்துவிட்டு வருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். கொல்லைப் பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லையாம், கதவையே கழற்றிவிட்டாராம். இதோ, கையில் துருவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பாருங்கள்.

சுவர் அங்கேயே இருக்கட்டும். எல்லையும் அங்கேயே இருக்கட்டும். கதவில்லாத அந்த வழியில், நோயின்றி, நொடியின்றி, நினைத்தபோதெல்லாம் தாங்கள் நெடுங்காலம் போய்வர வேண்டும்!

இங்ஙனம்,
தங்கள் பின்னால் குடை பிடித்து நடந்த
தேர்தல் பிரிவுத் தோழர்கள்